மணல் சட்டிக் கேக்

2022 மார்ச் 31, வியாழன்

பொருளாதார நெருக்கடியில் இன்றைக்கு இலங்கை முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. இடையில் வருகிற நேரத்தை அட்டவணையில் பார்த்து, அதை நம்பி மகளின் பிறந்தநாள் கேக்கை அவணுக்குள் வைத்தேன். இருபதாவது நிமிஷம் எல்லாம் நின்றுபோனது. கதவைத் திறக்காமல் சூட்டிலேயே விட்டுப் பார்த்தேன். மேலே பொன்னிறம், நடுவில் களி. ஆறு முட்டை போயிற்று.

மகள் ஓரத்தைக் கிள்ளிச் சாப்பிட்டுவிட்டு, "புடிங் மாதிரி இருக்கம்மா" என்றாள். ஏழு வயது, பெரிய மனசு. அம்மா மட்டும், "கரண்டை நம்பி ஆரும் முட்டை உடைக்கிறதே?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டா.

ஏப்ரல் 13, புதன்

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டப்போவதில்லை என்று நேற்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. நாளைக்கு வருசப் பிறப்பு. கூட்டுறவுச் சங்கக்கடையில் இரண்டு மணித்தியாலம் நின்று ஒரு கிலோ கோதுமை மா. சீனி முடிந்துவிட்டது. பனங்கட்டி இருக்கிறது.

ஏப்ரல் 28, வியாழன்

12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாயாம். அது கொழும்பு விலை, இங்கே வந்து சேர இன்னும் கூடும். வந்தால்தானே.

குசினிக்குப் பின்னால் மாமரத்தடியில் மூன்று கல் வைத்தாயிற்று. கங்குமட்டை, கொக்காரை, தென்னம்பாளை, சிரட்டை என்று பனையும் தென்னையும் கழித்தது வளவுக்குள் எரிக்கத் தாராளமாகக் கிடக்கிறது. இத்தனை வருஷம் இதையெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.

மே 1, ஞாயிறு

எனக்கு ஆறு வயது நடந்தபோது, 94இல், அம்மா சட்டிக்குள் மணல் போட்டுக் கேக் சுட்டுத் தந்தா. சண்டை நடந்த, அரசாங்கம் சாமான்களை வரவிடாத பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் கிடையாது, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. அந்தக் கேக்கின் மணம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பிறகு கடையில் வாங்கிய எந்தக் கேக்கும் அதற்குக் கிட்டவும் வரவில்லை.

அந்த நினைப்பில் இன்றைக்கு நானும் இறங்கினேன். பெரிய மண் சட்டிக்குள் மூன்று விரல் உயரத்துக்கு மணல், அதற்கு மேல் மூன்று சிரட்டைத் துண்டு, அதன் மேல் பழைய பால்மாப் பேணி, வாயை மூடத் தகரம், தகரத்தின் மேல் தணல். கால்மணித்தியாலம் ஆகவில்லை, 'டப்' என்று ஒரு சத்தம். சட்டி இரண்டாகப் பிளந்து, மா மணலுக்குள் ஊற்றிவிட்டது.

படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "மணல் காய்ஞ்சதோ?" என்று கேட்டா. முதல் நாள் மழையில் நனைந்த மணல். இதை முதலே சொல்லியிருக்கலாம் இல்லையா?

"நீ கேக்கேல்லையே பிள்ளை."

மே 26, வியாழன்

பெற்றோல் 420, டீசல் 400. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகிறேன், ஆறு கிலோமீற்றர். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடப்பதால் மீன் விலையைக் கேட்கவே பயம். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வந்துவிட்டதாம். ஒழுங்கை முனை ஆச்சி, "எனக்கும் தருவினமோ பிள்ளை?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டா.

புதுச் சட்டி வாங்கினேன். மணலை மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். பேணிக்குள் நீர்வேலி இதரை வாழைப்பழம் நான்கு மசித்தது, தேங்காய்ப்பால், பனங்கட்டி, குரக்கன் (கேழ்வரகு) மா பாதி, கோதுமை மா பாதி. முட்டை இல்லை. அப்பச்சோடா ஒரு கரண்டி, அது பொங்கத் தேசிப்புளி. கீழே ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) நெருப்பு, மேலே சிரட்டைத் தணல். சிரட்டை கெதியாகப் பிடித்துக் கெதியாக அடங்கும். ஊமல் அப்படியில்லை, நின்று எரியும். கீழே சூடு கூடினால் அடி கருகும், மேலே குறைந்தால் முகம் வெளிறும். சட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி போட்டு எண்ணச் சொன்னா அம்மா. முப்பதுக்குள் கறுத்தால் சூடு கூட, நூறுக்குப் பிறகும் வெள்ளையாக இருந்தால் காணாது. மகள்தான் எண்ணினாள். எழுபத்திரண்டில் மண்ணிறம்.

வெந்தது. கட்டை, கறுப்பு, நடுவில் கொஞ்சம் ஈரம். மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றபடியே சாப்பிட்டு முடித்தோம்.

ஜூன் 12, ஞாயிறு

ஈஸ்ற் எங்கேயும் இல்லை. அப்பத்துக்குக் கள்ளு விடுகிறோம், பாணுக்கு விட்டால் என்ன? தவறணைக்கு, அதுதான் கள்ளுக்கடைக்கு, போய்ப் பனங்கள்ளு வாங்கிவா என்று தம்பியைக் கேட்டேன். அவன் குடிக்கிறவன் இல்லை. "காலமை ஏழு மணிக்கு என்னை அங்க கண்டால் ஊர் என்ன கதைக்கும்?" என்று ஒரே அடம். கடைசியில் பால் போத்தலோடு போனான். அங்கிருந்த ஒரு அண்ணை, "பாணுக்கோ? அப்ப சுண்ணாம்பு படாத முட்டியாப் பாத்துத் தாறன்" என்று வார்த்துக் கொடுத்தாராம். சுண்ணாம்பு பட்டால் புளிக்காது, இனிப்பான கருப்பநீராகவே நின்றுவிடும்.

எட்டு மணிக்குக் குழைத்தது, பதினொன்றுக்கு மேல் இரட்டிப்பாகி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அமத்தினால் பெருமூச்சு விட்டு இறங்கியது. இரண்டாம் தரம் பொங்கவிட்டு, சட்டியில் நாற்பது நிமிஷம். கீழ்மேல் கொஞ்சம் கோணல். ஆனால் உடைத்தபோது உள்ளே தேன்வதை போலத் துளைகள், மெல்லிய புளிப்பு மணம். சுடச்சுடச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டுத் தம்பி சொன்னான்: "நாளைக்கும் போகவோ?"

ஜூன் 29, புதன்

அத்தியாவசியச் சேவைகள் தவிர ஒருவருக்கும் எரிபொருள் இல்லை, ஜூலை 10 வரை. கோதுமை மா மூன்று நாளாக இல்லை. ஒடியல், அதாவது காயவைத்த பனங்கிழங்கு, இடிப்பித்து வைத்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

நேற்று கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் தடாகத்தில் குதித்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரிப்பும் வந்தது, நெஞ்சும் இடித்தது. கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு சுண்டு கோதுமை மா கடன் வாங்கி, ஒரு சுண்டு ஒடியல் மா சேர்த்துக் கேக் போட்டேன். ஒடியல் மாவை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் கைப்பு பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருப்பது பால் விடாத கோப்பி போல நாக்கின் அடியில் நிற்கும். பனங்கட்டிக்கு அது நல்ல சோடி. தனி ஒடியல் மா பிடிப்பில்லாமல் உதிரும், அதற்குத்தான் கோதுமை மா. இதுவரை சுட்டதில் இதுதான் திறம் என்று நினைத்தேன்.

அம்மா தொடவில்லை.

"95 ஐப்பசியில சண்டைக்குப் பயந்து தென்மராட்சிக்கு ஓடி, பள்ளிக்கூட விறாந்தையில கிடக்கேக்க மூண்டு நேரமும் ஒடியல் கூழ். மீன் இல்லை, பலாக்கொட்டை இல்லை. புளியும் உப்பும் மட்டும். நீ இன்னும் தாங்கோ எண்டு கேட்டுக் குடிச்சாய். நான் பானையைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

94ஆம் ஆண்டுக் கேக்கைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சீனிக்குத் தன் காதுப்பூவைக் கொடுத்ததாகச் சொன்னா. பூ திரும்பி வரவில்லை.

நான் மணத்தை மட்டும் வைத்திருந்திருக்கிறேன். மகள் பின்னால் நின்று இரண்டாவது துண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

லண்டனிலிருந்து மச்சாள் போன் எடுத்தா. "ஒடியல் சரியான ஹெல்தி தெரியுமோ?" பதிலாக ஒரு மூட்டை கோதுமை மா அனுப்பச் சொல்ல வாய்வரை வந்தது.

ஜூலை 17, ஞாயிறு

ஆடிப் பிறப்பு. ஜனாதிபதி நாட்டை விட்டே போய், விலகியும் விட்டார். பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வருகிறதாம்.

ஒழுங்கை முனை ஆச்சிக்குத் தமிழ்நாட்டு அரிசி கிடைத்திருக்கிறது. ஒரு சுண்டு கொண்டுவந்து தந்தா. அதை வறுத்து இடித்து, பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் போட்டு அம்மாவே கூழ் காய்ச்சினா. இரண்டு கிண்ணம் குடித்தா. "இது வேற கூழ்" என்று, நான் கேட்காமலே சொன்னா.

அடுப்பில் தணல் மிஞ்சிக் கிடந்தது. "அதை ஏன் வீணாக்கிறாய், மாவைக் குழை" என்றா.

ஓகஸ்ட் 21, ஞாயிறு

காஸ் வந்துவிட்டது. சிலிண்டரைப் பூட்டி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்து, நீலச் சுவாலையை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமரத்தடிக் கல்லை எடுக்கலாமா என்று கேட்க வெளியே போனால், அம்மா முற்றத்தில் பழைய சேலையை விரித்து, சட்டி மணலை அரிதட்டால் அரித்துக் கொட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் மகள் குந்தியிருந்து சிரட்டைத் தூள் பொறுக்குகிறாள். வளவு முழுக்கப் பனம்பழ வாசம்.

"மாரிக்கு முதல் காயவேணும்," என்றா அம்மா, நிமிராமல். "ஈரமெண்டால் வெடிக்கும்."