தாம்பூலப் பைக்கு ஒரு வலைப்பக்கம்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டு ஹாலில் தையல் மெஷினும் ஒரு துணி அலமாரியும் வைத்துக்கொண்டு தாம்பூலப் பை தைத்து விற்கிறேன். செட்டிநாட்டுக் கட்டம் போட்ட பருத்தி, காஞ்சிப் பருத்தி, சில சமயம் வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுக்கும் அம்மாவின் பழைய புடவை. கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா, நவராத்திரி என்று ஆர்டர் வரும். வாய்வழியாகவே வளர்ந்த கடை. இந்த ஆடியில், வேலை குறைவாக இருந்தபோது, அதற்கு முதல்முறையாக ஒரு வலைத்தளம் போட்டேன். வீட்டிலிருந்தே கைவேலை செய்து விற்கும் தோழிகள் எப்படிச் செய்தாய் என்று கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் தையல் மாதிரியான சிறு தொழில் செய்ய அனுமதி உண்டு. ஆனால் வாசலில் பெயர்ப்பலகை, சுவரொட்டி எதுவும் மாட்டக்கூடாது. வீட்டில் குடியிருக்காத ஆளை வேலைக்கு வைக்கக்கூடாது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது. நியாயமான விதிகள்தான். அப்படியானால் நம் கடைப் பலகை வேறெங்காவது தொங்கியாக வேண்டும். அதற்குத்தான் வலைத்தளம்.

உதவிக்கு வந்தவள் எதிர் புளோக் அக்காவின் மகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். வந்ததும் மடிக்கணினியைத் திறப்பாள் என்று நினைத்தேன். "ஆன்ட்டி, முதல்ல உங்க வாட்ஸ்அப்பைக் காட்டுங்க. புதுசா வர்றவங்க என்ன கேட்கறாங்கன்னு பார்ப்போம்" என்றாள். இருவரும் உட்கார்ந்து பழைய உரையாடல்களைப் படித்தோம். ஒரு பை என்ன விலை, குறைந்தது எத்தனை வாங்க வேண்டும், தேங்காய் உள்ளே போகுமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், மணமக்கள் பெயர் போடுவீர்களா, எங்கே வந்து எடுப்பது. திரும்பத் திரும்ப இவைதான். இதே வரிசையில் பதில் எழுதினோம். அதுவே முதல் பக்கம். என்னைப் பற்றிய பத்தி கடைசியில் போனது.

விலையைக் கட்டாயம் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கல்யாண வீட்டுக்காரர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு, மண்டபம், சமையல், புடவை எல்லாக் கணக்கும் பார்த்து முடித்த பிறகுதான் பையைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் விலை தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். துணிக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு என்று பிரித்தே போட்டிருக்கிறேன். பேரம் பேசுவது பாதியாகக் குறைந்துவிட்டது.

படம் எடுப்பதுதான் பெரிய வேலை. பையை மேசையில் படுக்கவைத்து எடுத்தால் அளவு தெரியாது. ஒன்பது அங்குலம், பத்து அங்குலம் என்று எழுதினாலும் படிப்பவர் மனதில் அது பதிவதில்லை. தேக்கா சந்தையில் குடுமியோடு ஒரு தேங்காய், ஒரு கவுளி வெற்றிலை, மஞ்சள், பாக்குப் பொட்டலம் வாங்கிவந்து பைக்குள் வைத்து, குடுமி மட்டும் வெளியே தெரியும்படி எடுத்தோம். அடிப்பக்கம் மூன்று அங்குலம் மடித்துத் தைத்திருப்பதால் பை சாயாமல் நிற்கிறது. அது அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். வெளிச்சத்துக்குக் காலை ஒன்பது மணி ஜன்னலோரம் போதும். குழல்விளக்கில் எடுத்தால் அரக்கு நிறம் காபிப்பொடி நிறமாகிவிடுகிறது. முகூர்த்தப் புடவைக்குப் பொருத்தமாகக் கேட்பவர்களுக்கு நிறம்தான் உயிர்.

எழுத்து விஷயத்தில் அவள் சொன்ன ஒன்று எனக்குத் தோன்றியிருக்காது. இங்கே நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். தாம்பூலத்தை ஒருவர் ஒரு மாதிரி தட்டுவார், இன்னொருவர் வேறு மாதிரி. சிலர் 'ரிட்டர்ன் கிஃப்ட் பேக்' என்பார்கள். அதனால் பக்கத்தில் தமிழும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது, மக்கள் தட்டும் எழுத்துக்கூட்டல்களும் வாக்கியத்தோடு வாக்கியமாக இருக்கின்றன. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் எழுத்துரு, இலவசம். கைப்பேசியில் 'கி' போன்ற எழுத்துகளின் தலைமேல் வரும் மேல்விலங்கு வெட்டுப்படாமல் இருக்க வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாள். கூகுள் வணிகப் பக்கத்தில் வீட்டு முகவரியை மறைத்து, எந்த வட்டாரத்துக்குச் செய்து தருகிறோம் என்று மட்டும் காட்டலாம். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு இது அவசியம்.

இணைய முகவரியை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். உதவி செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அது நம் சொத்து. டாட் எஸ்ஜி என்று முடியும் சிங்கப்பூர் முகவரி வாங்கினால் 21 நாளுக்குள் அரசின் மின்னடையாளமான சிங்பாஸில் நுழைந்து அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். டாட் சிங்கப்பூர் என்று முழுக்கத் தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வருஷம் கண்டிப்பாக வாங்குவேன். சொந்தப் பெயரில், அடையாள அட்டையில் உள்ளபடியே வியாபாரம் செய்தால், வணிகங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதியத் தேவையில்லை. கடைக்குத் தனிப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். நான் பதிந்தேன். அப்புறம் வங்கியில் வணிகக் கணக்கு திறந்ததால், கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் கடையின் பெயரே வருகிறது. முன்பின் தெரியாதவர் முன்பணம் அனுப்பும்போது அது தெம்பு தரும்.

விளம்பரத்துக்கு வருகிறேன். காசு கொடுத்து முகநூலில் போடுவதைவிட, பையே நல்ல விளம்பரம். ஒரு கல்யாணத்துக்கு 200 பை போனால் ஏறக்குறைய 200 வீட்டுக்குப் போகிறது. வெளியே மணமக்கள் பெயர்தான் இருக்க வேண்டும், அங்கே நம் பெயருக்கு இடமில்லை. உள்தையலில், விரல் நுனி அளவுக்கு ஒரு பருத்திப் பட்டி வைத்து அதில் வலைத்தள முகவரி. கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றவர்களுக்கு வைப்பதில்லை. அந்தப் பையை அத்தைமார்கள் வீசமாட்டார்கள். கோயிலுக்கு எடுத்துப்போவார்கள், மருந்து போட்டு வைப்பார்கள். ஒரு நாள் உள்ளே கைவிடும்போது பட்டி கண்ணில் படும்.

தேக்கா நிலையத்து ரவிக்கை தையல்காரர், மருதாணி போடும் பெண்கள், சமையல் எடுத்துச் செய்பவர்கள், இவர்களிடம் அட்டை கொடுத்து வைத்திருக்கிறேன். தை கல்யாணத்துக்குக் கார்த்திகையிலேயே சொல்ல வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் இருக்காது, ஆனால் வீடுகளில் திட்டமெல்லாம் அப்போதுதான் நடக்கும். பழைய வாடிக்கையாளர்கள் எண்ணுக்கெல்லாம் ஒரே செய்தியைத் தட்டிவிடாதீர்கள். விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்து வைக்கும் 'அழைக்காதே பதிவேடு' 2014லிருந்து நடப்பில் இருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போதே "புது டிசைன் வந்தால் அனுப்பலாமா" என்று கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

அந்தப் பெண் காசு வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. என் தையலுக்கு மணிக்கணக்கு போட்டு விலை வைக்கிறவள், அவள் உட்கார்ந்த நேரத்தைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. மணிக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் கொடுத்தேன். அவள் அம்மாவின் புடவையில் ஒரு பையும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது அம்மா புடவைகளில் தைத்த பைகளுக்கென்று தனிப் பக்கம் ஒன்று தயாராகிறது. அதற்குப் படம் தர மூன்று குடும்பத்தினர் சம்மதித்திருக்கிறார்கள்.