அழுக்கு மஞ்சள்: ஒரு குயில்ட் வகுப்பின் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

முதல் வகுப்பு. துண்டுத் துணிகளை ஒட்டுச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைதான் குயில்ட். பிடித்த துணியாக 12 கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் கால் கெஜம் போதுமாம். பிடித்த துணிக்கா பஞ்சம்? அலமாரியை மூன்று முறை கலைத்துப் பன்னிரண்டைத் தேற்றினேன். முதலிடம் கருநீலத்தில் பெரிய பெரிய பூப்போட்ட அந்தப் பருத்திக்கு. வாங்கி நாலு வருடமாகிறது. வெட்ட மனசு வராமல் எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாகவே இருக்கிறேன்.

டீச்சர் சுவர் முழுக்க மெத்தென்ற வெள்ளை ஃபிளானல் துணி அடித்து வைத்திருக்கிறார். பருத்தித் துணியை அதன் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. என் பன்னிரண்டையும் வரிசையாக ஒட்டிவிட்டு நின்றேன், பெருமை தாங்கவில்லை. "பத்தடி பின்னால போய் கண்ணைப் பாதி மூடிப் பாருங்க" என்றார். பச்சை, நீலம், அரக்கு, ஊதா எல்லாம் கலந்து ஒரே சேறு.

பிறகு போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினார். பன்னிரண்டில் பத்து ஒரே சாம்பல். "நீங்க பன்னிரண்டு துணி கொண்டு வரலம்மா. ஒரே துணியைப் பத்து தடவை கொண்டு வந்திருக்கீங்க."

வகுப்பே சிரித்தது. ஆனால் அடுத்தடுத்து ஒட்டியவர்களுக்கும் அதே கதிதான். எல்லோருக்கும் பிடித்தது நடுத்தர அடர்த்தியே. வெளிர் துணியைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டிலிருக்கும் துணி மொத்தத்தையும் தரையில் பரப்பி வெளிர், நடு, அடர் என்று மூன்று குவியலாகப் பிரித்தேன். வெளிரில் ஐந்து, அடரில் எட்டு. மீதியெல்லாம் நடுவில் மலை. எலுமிச்சை மஞ்சள்தான் ஏமாற்றிவிட்டது. கண்ணைப் பறிக்கிறதே என்று அடரில் போட்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது கிட்டத்தட்ட வெள்ளை. பளிச்சென்று இருப்பது வேறு, அடர்த்தி வேறு. இது தெரியாமலே இத்தனை நாள் துணி வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இன்று அச்சின் அளவு. ஓர் அட்டையில் 3 அங்குலச் சதுரமாக ஜன்னல் வெட்டித் துணி மேல் நகர்த்திப் பார்க்கச் சொன்னார் டீச்சர். வெட்டிய பிறகு துண்டில் என்ன மிஞ்சும் என்பது அந்த ஜன்னலில் தெரிந்துவிடும்.

சின்னப் புள்ளித் துணியில் எங்கே நகர்த்தினாலும் ஒரே காட்சி. என் நீலப் பூவில் வைத்தேன். ஓரிடத்தில் பாதி இதழ், இன்னோரிடத்தில் வெறும் நீலம், மூன்றாவது இடத்தில் ஒரு காம்பு, அதுவும் வெட்டுப்பட்டு. ஒரே துணியிலிருந்து வந்த துண்டுகள் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். "இந்தப் பூவுக்கு இடம் வேணும்மா. துண்டு போட்டா செத்துடும்" என்றார். பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மதியம் மிச்சத்துணிப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒதுக்கிய ஒன்று அடியில் கிடந்தது. துலக்காத பித்தளையின் நிறம். பொடிப் புள்ளி அச்சு, தள்ளி நின்றால் புள்ளியே தெரியாது. ஒரு கெஜத்துக்கு மேலேயே இருந்தது. 'அழுக்கு மஞ்சள்' என்று நானே பெயர் வைத்தேன். "இதை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு டீச்சர் பதில் சொல்லவில்லை. முதலில் வெளிர்பச்சை பக்கத்தில் வைத்தார், சகிக்கவில்லை. அப்புறம் கருநீலத்தின் மேல் வைத்தார். அதே துணி பொன் மாதிரி நின்றது.

அப்போது ஒரு கதை சொன்னார். பாரிஸில் கோப்லான் என்ற பழைய திரைச்சீலை நெசவுக்கூடம். 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் கறுப்பே இல்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகையாகக் காட்டியிருக்கின்றன. நிறங்கள் அக்கம்பக்கத்தில் இருக்கும்போது ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்து 1839-இல் ஒரு பெரிய புத்தகமே போட்டுவிட்டார். சாயக்காரன் மேல் பழி, குற்றவாளி பக்கத்து வீட்டில்.

அழுக்கு மஞ்சளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

துவைக்கும் நாள். முன்கூட்டியே துவைப்பதா வேண்டாமா என்பதில் வகுப்பு இரண்டு கட்சி. துவைத்தால் கஞ்சி போய்த் துணி தொளதொளவென்று ஆகும், வெட்டுவது கஷ்டம். துவைக்காவிட்டால் தைத்து முடித்த பிறகு சாயம் இறங்கினால் அழவேண்டியதுதான். நான் துவைக்கும் கட்சி. பட்டைபட்டையாக வெட்டியே விற்கிற கட்டுகளை மட்டும் துவைக்கக் கூடாது, பிசிறு பிரிந்து நூல் பந்தாகத்தான் வெளியே வரும்.

நடுச் சதுரத்துக்கென்று ஓர் ஆழ்ந்த சிவப்பு எடுத்து வைத்திருந்தேன். ஈரப்படுத்தி, வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். வெள்ளை ரோஜா நிறமானது. துவைத்து மறுபடி அழுத்தினேன், ரோஜா. மூன்றாவது முறையும் ரோஜா. சிவப்பை எடுத்து ஓரமாகப் போட்டேன்.

ஜூன் 21, சனி

வடிவமைப்பு. கட்டம் போட்ட தாள், பென்சில், ரப்பர். நான் எடுத்துக்கொண்டது லாக் கேபின்: நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், ஒரு மூலையின் இரண்டு பக்கமும் வெளிர், எதிர் மூலையின் இரண்டு பக்கமும் அடர். கட்டத்தைக் குறுக்காகப் பிளந்தால் பாதி பகல், பாதி இரவு. நடுச் சதுரம் 2 அங்குலம், ஒவ்வொரு பட்டையும் 1 அங்குலம், நாலு சுற்று. ஆகக் கட்டம் 10 அங்குலம். பதினாறு கட்டம் வைத்தால் 40 அங்குலச் சதுரம். ஒரு கட்டத்துக்கு 17 துண்டு, மொத்தம் 272. எழுதிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம், அதுதான் வீட்டின் அடுப்பு என்பார்கள். என் சிவப்புதான் காலை வாரிவிட்டதே. அழுக்கு மஞ்சள் உள்ளே வந்தது.

வகுப்பில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் எடுத்தது முக்கோணங்கள். சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணம் எடுப்பதானால் ஏன் எல்லோரும் 7 நூல் (ஒரு அங்குலத்துக்கு 8 நூல்) கூட்டி வெட்டச் சொல்கிறார்கள் என்று டீச்சரிடமே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பலகையில் தானே போட்டுக் காட்டினார். தைத்ததும் உள்ளே போய்விடுகிற தையல் பிடிக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம், கூரான மூலைகளுக்கு ரூட் 2 கணக்கில் இன்னும் கொஞ்சம். கூட்டினால் 0.85 வருகிறது. அளவுகோலில் அதற்கு மேலே இருக்கும் அடுத்த கோடு 0.875, அதாவது 7 நூல். "சார், இனி நீங்களே எடுங்க வகுப்பை" என்று டீச்சர் சாக்பீஸை நீட்டினார்.

கடைசி அரைமணி படம் பார்த்தோம். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் மிச்சத்துணிகளையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தைத்த குயில்ட்கள். 2002-இல் ஹூஸ்டனில் அருங்காட்சியகத்தில் தொங்கின, அடுத்து நியூயார்க்கில். 2006-இல் தபால்தலையாகவே வந்துவிட்டன. என் லாக் கேபினுக்கு அக்கா முறை வேண்டும் ஒரு வடிவம் அங்கே இருக்கிறது, 'ஹவுஸ்டாப்' என்கிறார்கள். பட்டைகள் நேராக இல்லை. மூலைகள் சேரவில்லை. ஆனால் ஓரிடத்தில் திடீரென்று வருகிற ஒரு சிவப்புப் பட்டை மொத்தப் போர்வையையும் தூக்கி நிறுத்துகிறது.

"அவங்க அளவே பார்க்கலையே, நாம மட்டும் ஏன் நூல் கணக்கு பார்க்கணும்?" என்று பின்வரிசை அக்கா கேட்டார். "அவங்களுக்குக் கண்ணு அளந்துச்சு. உங்களுக்கும் அளந்தா ஸ்கேலைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார் டீச்சர்.

ஜூன் 24, செவ்வாய்

எனக்குக் கண் அளக்கவில்லை. ஸ்கேலும் அளக்கவில்லை.

நாலு கட்டம் தைத்து முடித்தேன். தையல் பிடியோடு சேர்த்துப் பத்தரை அங்குலம் வரவேண்டும். ஒன்று பத்து, ஒன்று பத்தேகால், மூன்றாவது ஒரு பக்கம் பத்து மறுபக்கம் பத்தேகால், நாலாவதை அளக்கவே தோன்றவில்லை. ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்தால் நடைபாதைக் கல் பெயர்ந்த மாதிரி இருக்கிறது.

டீச்சருக்குப் போன் போட்டேன். சோதனை ஒன்று சொன்னார். ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றை அக்கம்பக்கமாகத் தைத்துத் தேய்த்துவிட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஒரு அங்குலம் இருக்கணும். எனக்கு அரை நூல் குறைந்தது. அரை நூல்! கண்ணுக்கே தெரியாத சமாச்சாரம். ஆனால் ஒரு கட்டத்தின் குறுக்கே 8 தையல் இருக்கிறது. ஒரு தையலுக்கு அரை நூல் போனாலும் நாலு நூல், அதாவது அரை அங்குலம் காணாமல் போகிறது. தைத்த துணியை மடித்துத் தேய்க்கும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் துணியைத் தின்கிறதாம். அதனால் கால் அங்குலத்தைவிட ஓர் இழை குறைவாகப் பிடித்துத்தான் தைக்க வேண்டும்.

"எல்லாக் கட்டமும் ஒரே அளவுல தப்பா இருந்தா அது தப்பே இல்லம்மா. உங்களது ஆளுக்கொரு தப்பா இருக்கு."

மெஷின் தட்டில் ஊசியிலிருந்து அளந்து ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டினேன், துணியின் ஓரம் அதைத் தொட்டுக்கொண்டே போகிற மாதிரி. ராத்திரி பதினொன்று வரை தையல் பிரித்தேன். இஸ்திரி போடுகிற விதத்தையும் மாற்றியாயிற்று. சட்டை தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் பட்டை நீண்டு வளைந்துவிடுகிறது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

பதினாறும் முடிந்தது. பத்தரை, பத்தரை, பத்தரை. இரண்டு மட்டும் ஒரு நூல் கம்மி, யாரிடமும் சொல்லவில்லை.

ஃபிளானல் சுவரில் ஒட்டி அடுக்கி விளையாடியது இன்றைய வேலை. எல்லாக் கட்டத்தையும் ஒரே திசையில் வைத்தால் உழுத வயல் மாதிரி சாய்ந்த கோடுகள். நடுவிலிருந்து திருப்பித் திருப்பி வைத்தால் வைர வடிவம், ஒன்றுக்குள் ஒன்றாக விரிகிறது. அதே பதினாறு கட்டம்தான், ஒரு தையல்கூட மாறவில்லை. வைரத்தை எடுத்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் மட்டும் வைரத்தின் கோடு அழிந்து போயிருந்தது. காரணம் ஒரு சாம்பல் பச்சை. வெளிரோடு இருக்கும்போது அடர்போலவும், அடரோடு இருக்கும்போது வெளிர்போலவும் வேஷம் போடுகிறது. கட்சி மாறி. அந்தப் பட்டையைப் பிரித்து வேறு வைத்தேன். பத்தடி தள்ளி வந்து கண்ணைப் பாதி மூடினேன். முதலில் தெரிந்தது வைரம் இல்லை, பதினாறு பொன் புள்ளிகள்.

ஜூலை 5, சனி

மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி. பாலியெஸ்டர் பஞ்சு உப்பலாக, லேசாக இருக்கும். கம்பளிப் பஞ்சில் சூடு அதிகம். நான் எடுத்தது பருத்திப் பஞ்சு, படிந்து கிடக்கும். முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கி மேலே சுருக்கச் சுருக்கமாக வரும். அது குறையில்லை, அதற்காகவே வாங்குகிறார்கள்.

அடித்துணிக்கு நீலப் பூவை வைத்துக்கொண்டேன். முழுசாக, வெட்டாமல், எல்லாப் பூவும் பிழைத்தது என்று சந்தோஷம். விரித்து அளந்தால் துணியின் அகலம் 44 அங்குலம். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும், தைக்கத் தைக்க மேல்துணி நகரும். அப்படியானால் 48. நாலு அங்குலம் துண்டு விழுகிறது.

கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மட்டத்தை வைத்து உருளைக் கத்தியை நேராக இழுத்தேன், ஒரே இழுப்பு. நடுவில் கொஞ்சம் ஓரம் தள்ளி அழுக்கு மஞ்சளில் 5 அங்குலப் பட்டை ஒன்று கொடுத்துச் சேர்த்தேன். ஒரு பெரிய பூ இரண்டாகி மஞ்சளுக்கு இரண்டு கரையிலும் நிற்கிறது.

அடித்துணியைத் தரையில் டேப் போட்டு ஒட்டி, பஞ்சை விரித்து, மேல்துணியைப் போட்டு, கையகல இடைவெளியில் ஊக்கு குத்தினேன். முட்டி கழன்றுவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

வாரம் முழுக்கத் தையல், நடுவிலிருந்து ஓரத்துக்கு. நேர்க்கோடுகள்தான். வளைவுக்கெல்லாம் தைரியம் வரவில்லை. ஓரப்பட்டி இரண்டரை அங்குலம், இரண்டாக மடித்தது. முன்பக்கம் மெஷின், பின்பக்கம் கைத்தையல். முதல் மூலை மடிப்பு கேவலம், நாலாவது பரவாயில்லை.

துவைத்துக் காயப்போட்டு எடுத்தேன். 40 அங்குலம் முப்பத்தெட்டரை ஆகியிருக்கிறது, சொன்ன மாதிரியே சுருக்கச் சுருக்கமாக. முதல் மூலையை அந்தச் சுருக்கம் பாதி மறைத்துவிட்டது.

மாலையில் தம்பி வந்தான். சோபாவில் மடித்து வைத்திருந்ததை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தபடியே தூங்கிப்போனான். பூப்பக்கம் மேலே. 272 துண்டும் அடியில். எழுப்பலாமா என்று பக்கத்தில் போனேன், மஞ்சள் பட்டை அவன் முட்டி மேல் கிடந்தது. விளக்கை மட்டும் அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.