இந்த ஆடிக்கு எந்த வழி?

09.06.2020, செவ்வாய்

நேற்று முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல். மற்ற வருடங்களில் அந்த இரவு முள்ளியவளைச் சந்தியில் கால் வைக்க இடமிருக்காது. இந்த முறை கொரோனாவால் அம்மா முற்றத்தில் நின்று அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டதோடு சரி.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சன்னதி முருகன் கோவிலிலிருந்து வேலோடு வரும் கதிர்காமப் பாதயாத்திரைக் கூட்டம் பொங்கலுக்கு இங்கே தங்கித்தான் தெற்கே இறங்கும். அவர்களோடு சேர்ந்துகொள்ள மச்சான் மாசியிலிருந்தே வெளிக்கிட்டு நின்றவர். "அவை வராட்டி என்ன, நாங்கள் போவம்" என்கிறார். போகலாம். எந்த வழியால்?

14.06.2020, ஞாயிறு

கதிர்காம வழியைக் கொப்பியில் எழுதிப் பார்த்தோம். அளம்பில், நாயாறு, கொக்கிளாய். அங்கே முகத்துவாரத்துக்குப் பாலம் கிடையாது. படகேற வேண்டும் அல்லது சுற்ற வேண்டும். பிறகு புல்மோட்டை, திருகோணமலை, மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், உகந்தை. அதற்கப்பால் குமண, யால காடு.

தூரம் எனக்குப் பயமில்லை. பயம் சோற்றில்தான். அந்த வழியில் நடப்பவன் அரிசி கட்டிக்கொண்டு போவதில்லை. ஊர் ஊராகச் சனம் "சாமி வாங்கோ" என்று கூப்பிட்டு இருத்திச் சாப்பாடு போடும். கிழவிகள் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொல்லுவார்கள். நெற்றியில் கை வைக்காமல் எப்படிப் பூசுவது? கையில் வேல் இருக்கும், மூச்சில் என்ன இருக்குமென்று யாருக்குத் தெரியும்? இந்த வருடம் ஒரு ஊரும் எங்களுக்குச் சோறு போடத் தேவையில்லாத வழிதான் வேண்டும். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

29.06.2020, திங்கள்

ஊரடங்கு நேற்றோடு முழுதாக எடுபட்டது. வன்னிக்குள்ளேயே நடப்பதென்று முடிவு.

மச்சானின் கண் மடு மாதா கோவிலில். மல்லாவிப் பக்கத்திலிருந்து நட்டாங்கண்டல், பாலம்பிட்டி ஊடாகப் போனால் நல்ல நிழல். எங்கள் பக்கத்துச் சைவச் சனமும் மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறதுதான். ஆனால் அந்தக் காட்டில் யானை. தவிர, பெரிய திருநாள் ஓகஸ்ட் 15, அதுவரை பொறுக்க வேண்டும். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அப்பாவின்ர ஆடி அமாவாசையைப் பாலாவியில செய்." அமாவாசை ஜூலை 20. ஆக, பாலாவித் தீர்த்தமுள்ள மன்னார்த் திருக்கேதீச்சரச் சிவன் கோவில்.

மாங்குளம் வரை வேறு வழியில்லை. அங்கிருந்து ஏ9 வீதியால் வவுனியா இறங்கி மன்னார் றோட்டைப் பிடிக்கலாம். அல்லது மேற்கே திரும்பி மல்லாவி, வெள்ளாங்குளம் போய் ஏ32 வீதியால் தெற்கே நடக்கலாம். ஏ9இல் கொழும்பு பஸ் எல்லாம் நின்று போகும், கடைக்குக் கடை கூட்டம். மல்லாவிப் பக்கம் குளமும் வாய்க்காலும். வவுனிக்குளத்தில் இந்த மாதமும் தண்ணீர் நிற்கும். மல்லாவியே சரி.

05.07.2020, ஞாயிறு

தேன் எடுக்கப் போகும் அண்ணையிடம் ஒட்டுசுட்டான்–மாங்குளம் துண்டைப் பற்றி விசாரித்தேன். கொரோனாவை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. "பாலை பழுத்திட்டுது தம்பி. கரடி மரத்துக்குக் கீழதான் நிக்கும். விடியப்புறமும் பொழுதுபடுற மைம்மலிலும் நடக்காத." வெயிலுக்குப் பயந்து மூன்று மணிக்கே வெளிக்கிடுவது எங்கள் திட்டம். அதை மாற்றியாயிற்று: காட்டுக்குள் வெளிச்சம் வந்த பிறகு, வெளியில் இருட்டோடு.

12.07.2020, ஞாயிறு

கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் நூற்றுக்கணக்கில் தொற்றாம். பள்ளிக்கூடங்களை நாளையிலிருந்து திரும்பப் பூட்டுகிறார்கள். நிற்பமா என்று நானும் யோசித்தேன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் கேட்டால், இரண்டு பேர் நடக்கிறதில் பிரச்சினையில்லை, வீடுகளில் மட்டும் படுக்காதேங்கோ என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் பொரிவிளாங்காய் உருண்டை பிடிக்க உட்கார்ந்துவிட்டார். கல்லு மாதிரி இருக்கிறது. கெட்டுப்போகாது, பல்லுத்தான் போகும்.

16.07.2020, வியாழன், மல்லாவி

செவ்வாய் வெளிக்கிட்டோம். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்குக் கற்பூரம் கொளுத்தி, அடுத்த நாள் காட்டுத் துண்டைத் தடியால் தட்டித் தட்டிக் கடந்தோம். கரடி இல்லை, எச்சம்தான் கிடந்தது, முழுக்கப் பாலைக்கொட்டை. மச்சான் கீழே விழுந்த பழத்தை ஒரு கை அள்ளித் தின்றார். பால் உதட்டில் பிசினாகப் பிடித்து, மாங்குளம் சோதனைச் சாவடியில் அவசரமாக ஏற்றிய மாஸ்க்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பெயர் கேட்ட ஆமிக்காரனுக்கு அவர் "ம்ம்" என்றுதான் பதில் சொன்னார்.

இன்று மத்தியானம் மல்லாவிக்குக் கிட்ட ஒரு அக்கா படலைக்கு வெளியே வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். வேண்டாமென்று சொல்ல நான் ஒரு வாரமாகப் பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கேட்டால்தானே? கிணற்றுக்கட்டில் மோர்ச்செம்பையும் வாழையிலையில் கொஞ்சச் சோறும் வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய், அங்கிருந்தே எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். சாப்பிட்டோம். செம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு ஊரையும் தொடாத வழி என்று கொப்பியில் எழுதியது நான்தான். மச்சான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

18.07.2020, சனி, இலுப்பைக்கடவை

ஏ32இல் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் வெட்டிய வயல், தென்மேற்குச் சோளகக் காற்று நேரே முகத்துக்கு. புழுதிக்கு மாஸ்க் நல்லதென்று இன்றுதான் மச்சான் ஒத்துக்கொண்டார். பத்து மணிக்குப் பிறகு நடப்பது வீண்வேலை. ஒரு மரத்தைக் கண்டதும் படுத்துவிட்டோம். நாளை மூன்று மணிக்கு எழும்பினால் காற்று கிளம்ப முதல் விடத்தல்தீவைத் தாண்டலாம், இரவுக்குள் கேதீச்சரம். எள்ளும் தர்ப்பையும் பையில் இருக்கிறது. வாழைப்பழம் மட்டும் வாங்க வேண்டும்.