கீழ்ப்பாக்கத்துல ஒரு சாயங்காலம்

2018 ஜனவரி போட்டோ ஒண்ணை முகநூல் இன்னைக்கு எடுத்துக் காட்டுச்சு. கீழ்ப்பாக்கம் மைதானத்துல நான், அம்மா, சித்தி, தம்பி, கூட ஆபீஸ் பசங்க. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவோட முதல் மேடை அது. டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின இசைக்குழு.

கானா பாடுறவங்க கோட் சூட் போட்டு வந்து நின்னதுமே பசங்க விசில். பறைச் சத்தம் கேட்டதும் சித்தி, "இது சாவுக்கு அடிக்கிறதாச்சேடா, இங்க எதுக்கு?"ன்னாங்க. அம்மா பட்டுனு, "அடிக்கிறவங்களை அங்க மட்டும் நிறுத்தி வச்சது யாரு?"ன்னு கேட்டுட்டாங்க. எங்க வீட்டுல அரசியல் பேசாத ஒரே ஆள் அம்மாதான்னு நினைச்சிட்டிருந்தோம்!

அப்புறம் இசைவாணி பாட வந்தாங்க. அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒரே பொண்ணு. சித்திக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 2020இல் பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேரைப் பார்த்துட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு போன் போட்டாங்க. சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு பக்கம் கிட்டார், ஒரு பக்கம் சட்டி மேளம். காது ரெண்டு நாளைக்கு ரீங்காரம்.

தம்பி ஆடின வீடியோ யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்கப்பா, அவன் பொண்ணுகிட்ட காட்டணும்.