பெயர்ச் சீட்டின் இரண்டாவது வரி

எங்கள் பல்கலைக்கழகத்தில் மகளிர் கல்லூரிகளுக்கு இடையிலான டென்னிஸ் போட்டி, ஒரு மோதலுக்கு இரண்டு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமுமாக நடைபெறுகிறது. மூன்றில் இரண்டை வெல்லும் கல்லூரி அடுத்த சுற்றுக்குப் போகிறது. சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரான என்னிடம் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முதல்வர் அறையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "நம்ம நம்பர் ஒன் இந்த வருஷம் எப்படி ஆடுறா?" அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் ஓர் அணி அந்தப் பருவத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதை முதல் ஆட்டக்காரியை வைத்துக் கணிக்க முடியாது என்பதை இந்த வேலை எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. அவள் எவ்வளவு அபாரமாக ஆடினாலும் அணிக்குக் கொண்டுவந்து தருவது ஒரு வெற்றியைத்தான். மற்றொன்று இரண்டாம் ஒற்றையரிலிருந்தோ இரட்டையரிலிருந்தோ வந்தாக வேண்டும். அதனால், மோதலுக்கு முன்பு நடுவரிடம் கொடுக்கும் பெயர்ச் சீட்டின் இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் பற்றியே ஜூன் மாதம் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாடுகள் மோதும் பில்லி ஜீன் கிங் கோப்பையிலும் இதே கணக்குதான். 2025 ஏப்ரலில் புனேயில் நடந்த ஆசிய-ஓசியானியா முதல் பிரிவில் இந்தியா இரண்டாம் இடம் பெற்று பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அணியின் முதல் ஆட்டக்காரியாகக் களமிறங்கியவர் சஹஜா யமலபள்ளி. ஆனால் ஆடிய ஐந்து ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றவர் இரண்டாம் இடத்தில் ஆடிய ஸ்ரீவல்லி பமிடிபதி. தென்கொரியாவுக்கு எதிராக ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற மோதலை இரட்டையரில் முடித்துத் தந்தவர்கள் அங்கிதா ரெய்னாவும் பிரார்த்தனா தோம்பரேயும். ஓய்வறைக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்; கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் முதல் ஆட்டக்காரியைப் பற்றியே விசாரிக்கிறார்கள்.

பருவத்தின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுடையது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்பதால், முதலில் அதே பல்கலைக்கழகத்தின் பிற கல்லூரிகளோடு மோதுகிறோம். அங்கே நன்றாக ஆடுபவர்கள் தேர்வு ஆட்டங்களுக்கு அழைக்கப்பட்டு, பல்கலைக்கழக அணியாகத் தென்மண்டலப் போட்டிக்குப் போகிறார்கள். மண்டலத்தின் முதல் நான்கு அணிகளுக்கு அகில இந்தியப் போட்டியில் இடம் கிடைக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த முதல் படியே கிடையாது. கட்டணச் சலுகை, விடுதி, விளக்கு வசதியுள்ள கோர்ட், முழுநேரப் பயிற்சியாளர் என்று எல்லாவற்றையும் தந்து, தரவரிசையில் உள்ள மூன்று நான்கு பேரை ஒரே வளாகத்தில் சேர்த்துவிட அவற்றால் முடிகிறது. இதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. எங்களைப் போன்ற கலை அறிவியல் கல்லூரிக்கு நல்ல ஆட்டக்காரி ஒருத்தி கிடைப்பதே பெரிது. மற்றவர்களை இருக்கிற மாணவிகளிலிருந்துதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த நல்ல ஆட்டக்காரி இப்போது வணிகவியல் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கிறாள். அகில இந்தியத் தரவரிசையில் இருப்பவள். பேக்ஹேண்டை நேர்க்கோட்டில் அடித்தால் எதிராளி பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவளுடைய ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, நாட்காட்டியைப் பற்றித்தான் கவலை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் டபிள்யூ15, டபிள்யூ35 என்ற தொடக்கநிலைத் தொழில்முறைத் தொடர்கள் ஆண்டின் பிற்பாதியில் இந்தியாவிலேயே சில நடக்கின்றன; தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே போய் ஓர் ஆட்டமாவது வென்றால்தான் உலகத் தரவரிசைக்கு ஒரு வழி பிறக்கும். கல்லூரிப் போட்டியில் எத்தனை கோப்பை வாங்கினாலும் உலகத் தரவரிசைப் புள்ளி கிடைக்காது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் அவள் தொடருக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. அவளிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லி இருபது வயதுப் பெண்ணின் தொழில்வாழ்க்கையை நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை, நிர்வாகத்துக்கு இது பிடிக்காது என்று தெரிந்தும்.

ஜூனியர் ஆட்டங்களில் நன்றாக ஆடி, வீட்டில் வசதியும் இருக்கும் பெண்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகையில் போய்விடுகிறார்கள். சஹஜாவே சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்தான். அங்கே ஒரு மோதலில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். மூன்று இரட்டையரில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி, ஒற்றையர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஏழில் நான்கு எடுத்தால் வெற்றி. ஆறாம் இடத்தில் ஆடுபவளின் வெற்றிக்கும் முதல் இடத்தில் ஆடுபவளின் வெற்றிக்கும் வித்தியாசமே இல்லாத அந்த அமைப்பில், எங்கள் இரண்டாம் ஆட்டக்காரியைப் போன்றவர்களுக்கு உரிய மதிப்பு இருக்கும் என்று தோன்றுகிறது. 2025-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் ஒற்றையர் பட்டத்தை வென்ற இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென், ஓரிகன், பெப்பர்டைன் பல்கலைக்கழக அணிகளுக்கு ஆடிவிட்டு வந்தவர். அந்த வாரம் அரங்குக்கு அழைத்துப்போயிருந்த மாணவிகளிடம் இதைச் சொன்னபோது, "டிகிரி முடிச்சிட்டுக்கூட ஆட்டத்துக்கு வரலாமா, மேம்?" என்று ஒருத்தி கேட்டாள். கல்லூரியில் சேர்வதென்றாலே டென்னிஸுக்கு முழுக்குப் போடுவது என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

கேள்வி கேட்டவள்தான் எங்கள் இரண்டாம் ஆட்டக்காரி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, இடக்கைக்காரி. அவளுடைய அப்பா திருச்சியில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருக்கிறார். கிளப் மார்க்கர் என்பவர் விடியற்காலையில் மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, கோடு போட்டு, பிறகு ஜோடி கிடைக்காத உறுப்பினர்களுக்கு எதிரே நின்று நாள் முழுவதும் ஆடுபவர். உறுப்பினரைத் தோற்கடித்துவிடவும் கூடாது, அவர் சலித்துப்போகும்படி ஆடவும் கூடாது. அவர் எங்கே அடித்தாலும் பந்து அவருக்கு வசதியான இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அப்பாவிடம், உறுப்பினர்கள் வீட்டுக்குப் போன பிறகு விளக்கை அணைக்கும் வரை கிடைத்த நேரத்தில் கற்றுக்கொண்ட பெண்ணிடம் அந்தக் கைப்பழக்கம் அப்படியே இறங்கியிருக்கிறது. எவ்வளவு வேகமாக வந்தாலும், எந்த மூலைக்குப் போனாலும், பந்து திரும்பி வருகிறது. ஆனால் அவள் ஆட்டத்தை முடிப்பதில்லை. எதிராளி தடுமாறி அடித்த பந்து வலையைத் தாண்டி அரைக்கோர்ட்டில் விழுந்து மெதுவாக எழும்பும்போதுகூட, முன்னேறி அடிக்காமல், எதிராளிக்கே வசதியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். மண் தரையில் இது செல்லும். அங்கே பந்து நின்று எழும்பும், எதிராளிக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். எங்கள் போட்டிகள் நடக்கும் சிந்தெடிக் தரையில், அதுவும் நேரமில்லை என்று முதல் சுற்றுகளை எட்டு கேம் கொண்ட ஒரே செட்டாகச் சுருக்கிவிடும் நாட்களில், பொறுமையாக ஆடுபவள் சூடு பிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. சென்ற பருவத்தின் அரையிறுதி அப்படித்தான் கைநழுவியது.

ஆகவே இந்தக் கோடையிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு பயிற்சிதான். சர்வீஸ் கோட்டின் மேல் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றைக் கிடத்திவைக்கிறோம். கயிற்றுக்கு முன்னால் விழும் எந்தப் பந்தையும் அடித்துவிட்டு அவள் பின்னால் போகக் கூடாது; வலைக்குத்தான் வர வேண்டும். புள்ளி போனாலும் பரவாயில்லை, பின்னால் போனால் மட்டும் கோர்ட்டைச் சுற்றி ஓட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். இப்போது வலைக்கு வருகிறாள், வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மட்டையை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதுவே முன்னேற்றம்தான். இன்னொன்று அவளுடைய சர்வீஸ். இடக்கைக்காரி எதிராளியின் இடப்பக்கக் கட்டத்துக்குச் சுழற்றி வெளியே இழுத்துப் போடும் பந்து, வலக்கைக்காரியின் பேக்ஹேண்டைக் கோர்ட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடும். 40-30, 30-40, அட்வான்டேஜ் என்று ஒரு கேம் முடியக்கூடிய புள்ளிகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் ஆடப்படுகின்றன. இயற்கை கொடுத்த இந்த அனுகூலத்தை அவள் இதுவரை எடுத்துக்கொண்டதே இல்லை, ஏனென்றால் அப்பாவின் கிளப்பில் உறுப்பினருக்கு யாரும் அப்படிச் சர்வீஸ் போடுவதில்லை.

அவளுக்கு இந்தப் பருவம் முக்கியமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்குத் தரப்படும் படிவம் 3 சான்றிதழ், விளையாட்டுத் தகுதியின் பேரில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது செல்லுபடியாகும். முதல் ஆட்டக்காரிக்கு அது ஒரு காகிதம். இவள் வீட்டில் அதைப் பற்றி அடிக்கடி பேச்சு நடக்கிறது. கல்லூரிப் போட்டியில் இவள் வெல்லும் ஒவ்வோர் ஆட்டமும் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு இவளை ஒரு படி அருகில் கொண்டுபோகிறது.

இரட்டையரில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் நிலையில் ஆடப்படும் மகளிர் இரட்டையரில் பெரும்பாலான இணைகள் ஒருத்தி வலையிலும் ஒருத்தி பேஸ்லைனிலுமாக நின்றே ஆட்டத்தை ஓட்டிவிடுவதால், இருவரும் துணிந்து வலைக்கு வரும் இணைக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. விலங்கியல் மாணவி ஒருத்தி பள்ளியில் பாட்மின்டன் ஆடிவிட்டு வந்தவள். சர்வீஸ் சுமார்தான், ஆனால் வலையருகே அவளுடைய மணிக்கட்டு வேலை செய்யும் வேகத்துக்கு எதிராளிகள் பழக்கப்பட்டிருக்கவில்லை. அவளுக்குத் துணையாக, தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் லாபும் சர்வீஸைத் திருப்பி அடிக்கும் ரிடர்னும் நிதானமாகப் போடும் ஒருத்தியைச் சேர்த்திருக்கிறேன். முதல் ஆட்டக்காரி ஊரில் இருந்தாலும் அவளை இரட்டையரில் இறக்கப்போவதில்லை; கடைசி ஆட்டத்துக்கு ஒற்றையர் ஆடிக் களைத்தவளை அனுப்புவதைவிட, மாதக்கணக்காகச் சேர்ந்தே பழகிய இருவரை அனுப்புவது மேல். நான்கு பேருக்கு ஒரு கோர்ட் போதும் என்பதும் எங்களைப் போன்ற ஒற்றைக் கோர்ட் கல்லூரிக்குச் சிறிய விஷயமல்ல.

முதலாண்டில் சேர்ந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு வயதுவரை ஆடிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வருபவர்களுக்கு அடிக்கும் கை மறந்திருக்காது, ஓடும் கால் மறந்திருக்கும். தோளும் சீக்கிரம் வலிக்கும். அவர்களுக்கு இப்போதைக்குச் செட் ஆட்டம் கிடையாது. கயிறு தாண்டுவதும் ஷட்டில் ஓட்டமும் தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சியும்தான். அவர்கள் அடுத்த பருவத்துக்கான பெண்கள்.

இவையெல்லாம் திட்டப்படி நடந்தாலும் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு: மழையும் தேர்வும். தென்மண்டலப் போட்டிக்கான தயாரிப்பு உச்சத்தில் இருக்க வேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. 2025-இல் சென்னை ஓபனே மோந்தா புயல் மழையில் தள்ளிப்போனது. சர்வதேசத் தொடருக்கே அந்த நிலை என்றால் எங்கள் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெற்குப் பக்கப் பேஸ்லைனுக்குப் பின்னால் ஒரு விரிசல் இருக்கிறது. மழை விட்ட பிறகு வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டாலும் அந்த விரிசலிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். அங்கே சறுக்கி ஒரு மாணவிக்குக் கணுக்கால் பிசகியதிலிருந்து, அந்தப் பாதி முழுவதும் காயும் வரை யாரையும் ஆடவிடுவதில்லை. நவம்பரில் பருவத் தேர்வு. 75 விழுக்காடு வருகைப்பதிவுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொடுத்துச் சமாளித்துவிடலாம், அறிவியல் துறைகளின் செய்முறைத் தேர்வுதான் சிக்கல். எங்கள் இரண்டாம் ஆட்டக்காரியும் இரட்டையர் இணையில் ஒருத்தியும் அறிவியல் மாணவிகள். முன்பு ஒரு துறைத் தலைவர், "ஆட்டத்துக்குப் போறதுன்னா லேபை மறந்துடச் சொல்லுங்க, மேடம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்; அந்தப் பெண் அந்த ஆண்டு மண்டலப் போட்டிக்கு வரவில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரை போவது கடினமல்ல. அங்கே நாங்கள் சந்திக்கக்கூடிய கல்லூரியில் தரவரிசையில் உள்ள இருவர் இருக்கிறார்கள். எங்கள் முதல் ஆட்டக்காரி ஊரில் இருந்தால் அவள் பக்கம் ஒரு வெற்றி உறுதி, இரட்டையரில் எங்களுக்கே வாய்ப்பு அதிகம். அவள் வெளியூரில் இருந்தால் இடக்கைக்காரி முதல் இடத்துக்கு ஏறி, இரண்டாம் இடத்தில் அனுபவமில்லாத ஒருத்தியை இறக்க வேண்டியிருக்கும். அப்போது இரண்டு ஒற்றையரும் போய், இரட்டையர் ஆட்டத்துக்கே வேலையில்லாமல் போகலாம். இறுதிப்போட்டி என்று இப்போதே யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

முதல்வருக்குச் சென்ற வாரம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அறிவியல் துறைகளில் விளையாட்டு மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வுக்கு மாற்று நாள் வேண்டும். பந்துக்கும், மட்டையின் நரம்பு அறுந்தால் அன்றே மாற்றிப் போடுவதற்கும் பருவம் முழுமைக்குமான தொகையை முன்பணமாக ஒதுக்க வேண்டும். பருவமழைக்கு முன் அந்த விரிசலை அடைக்க வேண்டும். மூன்றில் கடைசிக்கு மட்டும் இதுவரை ஒப்புதல் வந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாற்று நாள் பற்றித் துறைத் தலைவர்கள் கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.