லைடார் கேள்விக்கு எப்படித் தயாராவது?

வளிமண்டல இயற்பியல் பாடம் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, லைடார் (லேசர் ஒளியை வானில் அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து உயரே உள்ள காற்றின் வெப்பநிலையைக் கணக்கிட உதவும் கருவி) என்றதும் கருவியின் படத்தை மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு நடந்த வாய்மொழித் தேர்வில் படத்தை யாரும் கேட்கவே இல்லை. "வெப்பநிலை எங்கிருந்து வந்தது?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்.

லைடார் எண்ணுவது திரும்பி வரும் ஃபோட்டான்களை மட்டும்தான். 532 நானோமீட்டர் பச்சை லேசர் மேலே போகிறது, காற்று மூலக்கூறுகள் அதைச் சிதறடிக்கின்றன. 1 மைக்ரோவினாடித் தாமதம் என்றால் 150 மீட்டர் தூரம். பின்னணி வெளிச்சத்தைக் கழித்து, உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அடர்த்தி மாறும் விதம் கிடைக்கும். அப்புறம் தேவைப்படுவது தொடக்கக்கல்லூரியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாடும், மேலே உள்ள காற்றின் எடையைக் கீழே உள்ள அழுத்தம் தாங்குகிறது என்பதும்தான்.

அடர்த்தியின் உண்மை மதிப்பு தேவையில்லை, விகிதம் போதும். லேசரின் திறன், தொலைநோக்கியின் அளவு எல்லாம் சமன்பாட்டில் அடிபட்டுப் போகும். மாணவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்: கணக்கை ஏன் மேலிருந்து கீழே கொண்டுவருகிறோம்? உச்சியில் ஒரு வெப்பநிலையை ஊகித்துத்தான் தொடங்கியாக வேண்டும். 80 கிலோமீட்டரில் 20 கெல்வின் தவறாக ஊகித்தாலும், 14 கிலோமீட்டர் இறங்குவதற்குள் அடர்த்தி சுமார் 7 மடங்காகிவிடும், பிழையும் 3 கெல்வின் அளவுக்குச் சுருங்கிவிடும். கீழிருந்து ஏறினால் அதே பிழை ஊதிப் பெருகும். இதைத் தாளில் கையால் போட்டுப் பாருங்கள். கணினியில் போட்டால் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

சுமார் 30 கிலோமீட்டருக்குக் கீழே தூசித் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதால் இந்த முறை ஏமாற்றும். அங்கே ராமன் சிதறல்தான், அதாவது காற்று மூலக்கூறுகள் அலைநீளத்தை மாற்றித் திருப்பும் ஒளிதான், கைகொடுக்கும். 80க்கு மேலே விண்கற்கள் எரிந்து விட்டுப்போன சோடியம் படலம் இருக்கிறது. அதை 589 நானோமீட்டர் ஒளியால் தூண்டி, நிறமாலைக் கோட்டின் டாப்ளர் அகலத்திலிருந்து (அணுக்களின் வேகத்தால் கோடு விரியும் அளவு) வெப்பநிலை எடுக்கிறார்கள். பழைய மஞ்சள் தெருவிளக்கின் அதே நிறம்தான்!

நம்மூர் வானத்தில் மேகத்துக்கா பஞ்சம்? தடித்த மேகத்தை லேசர் தாண்டாது. அதனால் வெப்பமண்டலத் தரவுக்குத் திருப்பதி அருகே காதங்கியில் 1998 முதல் இயங்கிய ராலே லைடாரின் (மேலே சொன்ன, காற்று மூலக்கூறுகளின் சிதறலை எண்ணும் வகை) கட்டுரைகளைப் படியுங்கள். அவற்றிலுள்ள வரைபடங்களில் பிழைக்கோடுகள் எந்த உயரத்தில் அகலமாகின்றன என்று முதலில் பாருங்கள். தேர்வாளர் விரல் வைப்பதும் அங்கேதான்.