டெனன் ரம்பம்: கோத்தகிரிப் பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 5

அளவு முடிவானது. பல் வரிசை 300 மி.மீ., தகட்டின் கனம் 0.5 மி.மீ., முதுகுக்கு (தகட்டின் மேல்விளிம்பைக் கவ்வும் பித்தளைப் பட்டை) கீழே ஆழம் 65 மி.மீ., பல்லுக்குப் பல் 2 மி.மீ. கழுந்து (ஒரு சட்டத்தின் துளைக்குள் செருகும் மறு சட்டத்தின் நாக்கு; ஆங்கிலத்தில் டெனன்) அறுக்கும் ரம்பம், அதாவது நாரோட்டத்தோடு நெடுக்காக அறுப்பது. கதவு, ஜன்னல் சட்டத்துக்கு 65 தாராளம். ஆழம் கூடினால் மெல்லிய தகடு அடியில் ஆடத் தொடங்கும்.

இந்த மலையில் ரம்பம் என்றாலே பல்லை அகல விரித்து வைக்கிறார்கள். குற்றம் மரத்தின் மேல். தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக்கை வெட்டிச் சாய்த்த மறு வாரமே அறுவைக்குக் கொண்டுவந்தால், ஈர நார் அறுத்த தடத்துக்குள் பொதபொதவென்று எழுந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அங்கே செட், அதாவது பல்லை மாறி மாறி இரு பக்கமும் சாய்த்து வைக்கும் அளவு, அதிகம் இருந்தே ஆக வேண்டும். அதே ரம்பத்தைக் காய்ந்த சட்டத்தில் வைத்தால் தடம் தேவைக்கு இரண்டு மடங்கு அகலமாகும், தகடு தடத்துக்குள் அலையும், கோடு போய்விடும். எனவே இது காய்ந்த மரத்துக்கு மட்டும். எவ்வளவு குறைந்த செட்டில் சிக்காமல் ஓடும் என்பதுதான் கணக்கு. மற்ற வேலையெல்லாம் அந்தக் கணக்குக்கு வேலைக்காரன்.

ஜனவரி 7

தகடு கோயம்புத்தூரிலிருந்து வந்தது. 1095 ரக ஸ்பிரிங் ஸ்டீல், நீலம் பாய்ந்தது, பதம் ஏற்கெனவே ஏற்றியது. கடினம் 50 ராக்வெல் சி அளவில் இருக்க வேண்டும். 55-ஐத் தாண்டினால் அரம் வழுக்கும், செட் வைக்கும்போது பல் முறியும். 40-க்கு இறங்கினால் இரண்டு சட்டம் அறுப்பதற்குள் மழுங்கும்.

பட்டறையில் சோதிக்க இரண்டு வழி. தகட்டை வில்லாக வளைத்து விட்டால் வளைவு மிச்சமில்லாமல் நேராக வர வேண்டும். ஓரத்தில் அரத்தை ஓட்டினால் கடிக்க வேண்டும், ஆனால் சாதா இரும்புபோல இளகிக் கடிக்கக் கூடாது.

பதமில்லாத தகடு வாங்கி உலையில் நாமே பதம் ஏற்றலாமே என்று தோன்றும். அரை மி.மீ. தகடு எண்ணெயில் இறங்கியதும் அப்பளம்போல நெளியும். அதை நேராக்குவதற்கு புதுத் தகடே வாங்கலாம்.

மர மில்லில் கழித்த பேண்ட்சா (பட்டை ரம்பம்) பிளேடு சும்மா கிடைக்கும். அரிவாளுக்கும் கத்திக்கும் அது அருமையான இரும்பு. இந்த ரம்பத்துக்கு ஆகாது: அகலப் பிளேடுகளின் கனம் பெரும்பாலும் ஒரு மி.மீ.யை ஒட்டியே இருக்கும், பல்லடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கும், மில்லில் நடுப்பகுதியை உருளையில் நீட்டி இழுவிசை ஏற்றியிருப்பதால் துண்டு போட்ட பிறகு தட்டையாகவும் கிடக்காது.

ஜனவரி 8

310 × 77 மி.மீ. துண்டு. 77-இல் 12 மி.மீ. முதுகுக்குள் போய்விடும். இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவில் தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, கோட்டை ஒட்டி இரும்பு வெட்டும் உளியைச் சாய்த்துப் பிடித்து அடித்தால் கத்தரித்ததுபோல வரும். தகரம் வெட்டும் கத்தரி ஓரத்தைச் சுருட்டிவிடும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஓரம் ஒரு கணம் சிவந்தாலும், பக்கத்துக் குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சி அந்த இடம் கண்ணாடிபோல இறுகும். பல் போடும்போது முதல் அரம் அங்கேதான் சாகும்.

வெட்டிய ஓரத்தைத் தட்டை அரத்தால் நீளவாக்கில் இழுத்துச் சரி செய்தாயிற்று.

ஜனவரி 9

தட்டை பார்ப்பது. கோத்தகிரியில் காலை பத்து மணிக்கு மேல்தான் மஞ்சு விலகி ஜன்னலில் நேர் வெளிச்சம் விழுகிறது. அதற்கு முன் பார்த்தால் எல்லாத் தகடும் நேராகத்தான் தெரியும். ஜன்னல் கம்பியின் பிம்பத்தைத் தகட்டில் விழவிட்டு மெல்லச் சாய்க்க வேண்டும். கம்பி எங்கே நெளிகிறதோ அங்கே மேடு. இந்தத் தகட்டில் சுருளில் இருந்த பழைய வளைவு மட்டும் கொஞ்சம். எதிர்ப்பக்கமாகக் கையால் வளைத்தே எடுத்தாயிற்று. சுத்தியல் தேவைப்படவில்லை. தகட்டில் சுத்தியல் விழாத ரம்பமே நல்ல ரம்பம்.

ஜனவரி 11

முதுகு. 2 மி.மீ. பித்தளைத் தகட்டில் 320 × 40 துண்டு, எடை 220 கிராமை ஒட்டி. ரம்பத்தின் சொந்த எடையே அறுக்க வேண்டும், கை அழுத்தக் கூடாது. அந்த எடை இங்கிருந்துதான் வருகிறது.

வாடகைப் பாத்திரக் கடைப் பித்தளையா, கம்பி கடையும் ஈயம் கலந்த பித்தளையா என்று கேட்டு வாங்க வேண்டும். ஈயம் கலந்தது லேத்தில் உதிர்ந்து அழகாகக் கடையும். மடித்தால் முதுகெலும்பிலேயே பிளக்கும்.

மடிக்கும் முன் இளக்க வேண்டும். பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, மங்கிய சிவப்பு தெரிகிறவரை கரி உலையில் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். இரும்புக்கு நேர் எதிர் குணம்: பித்தளை தண்ணீரில் விழுந்தாலும் இறுகாது. வெயிலில் வைத்துக் காய்ச்சினால் சிவப்பு தெரியாது, தெரிந்து சுதாரிப்பதற்குள் ஓரம் உருகி ஒழுகும்.

ஆங்கிளுக்கு நடுவில் பாதி அகலத்தைப் பிடித்து, கொட்டாப்புளியால் நீளம் முழுக்கச் சிறுசிறு அடியாக வளைத்து 90 பாகைக்குக் கொண்டுவந்தாயிற்று. ஒரே இடத்தில் அடித்தால் அங்கே மட்டும் இடுப்பு ஒடிந்ததுபோலாகும். மறுபடி ஒரு முறை இளக்கல். இதைத் தவிர்த்தால் வெளிப்பக்கம் கீறல் விடும்.

ஜனவரி 12

மிச்ச மடிப்பு குளிர்ந்த நிலையில், இளக்காமல். உள்ளே 0.4 மி.மீ. தகரத் துண்டு வைத்து இரண்டு உதடும் அதைத் தொடும்வரை தட்ட வேண்டும். சுத்தியல் பட்டுப் பித்தளை மறுபடி இறுகுவதுதான் இங்கே நமக்கு வேண்டும். அந்த இறுக்கமே ஸ்பிரிங். 0.4 இடைவெளிக்குள் 0.5 தகடு நுழையும்போது உதடு கவ்விக்கொள்ளும். ஒட்டுப் பசை, ரிவிட் எதுவும் வேண்டாம். பசை போட்டால் பின்னால் முதுகைத் தட்டித் தகட்டை நேராக்க முடியாது.

நாளையிலிருந்து பொங்கல். பட்டறை ஒரு வாரம் மூடல்.

ஜனவரி 20

பல் வரிசை குறிப்பது. பள்ளிக்கூடக் கிராஃப் தாளில் ஒன்று விட்டு ஒரு கோடு எடுத்தால் 2 மி.மீ. மைதாப் பசையில் ஒட்டினால் தாள் நனைந்து நீண்டு கணக்குக் கெடும். இருபக்க டேப்பில் ஒட்டி, எஃகு அளவுகோலில் 300-ஐச் சரிபார்த்தாயிற்று. 150 பல்.

தகட்டைப் பிடிக்க வாட்டில் மரத்தில் இரண்டு நீளத் தாடை. பல்லடிக்கும் தாடைக்கும் இடையில் 3 மி.மீ.க்கு மேல் விட்டால் தகடு அதிரும், அரம் கிறீச்சிடும். கிறீச்சென்றால் அரம் வெட்டவில்லை, தன் பல்லையே தேய்த்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு கோட்டிலும் ஹேக்ஸா பிளேடால் ஒரு கீறு. அரம் தானாக இடம் தேடாமல் கீறில் உட்காரும்.

ஜனவரி 21

பல் வெட்டு. முப்பட்டை அரம், முகம் 5 மி.மீ.க்குக் குறையாதது. காரணம் உண்டு. முகச் சாய்வு (பல்லின் முன்முகம் நிமிர்விலிருந்து பின்னால் சாயும் அளவு) 8 பாகை வைத்தால் இந்தப் பல்லின் உயரம் 1.4 மி.மீ., பல்லின் பின்சரிவின் நீளம் 2.3 மி.மீ. அரத்தின் முகத்தில் பாதிக்கு மேல் பல் ஏறினால், அரத்தைத் திருப்பும்போது ஏற்கெனவே தேய்ந்த இடமே மறுபடி வேலைக்கு வரும்.

அரத்தின் நுனியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, கட்டையின் மேல்விளிம்பு பல்வரிசைக்கு இணையாக நின்றால் 8 பாகை வருமாறு வைத்தாயிற்று. நுனிப்பக்கம் முதல் 25 மி.மீ. மட்டும் 15 பாகை. அறுப்பைத் தொடங்கும்போது பல் மரத்தில் முட்டி நிற்காது.

ஒரு பல்லுக்கு எண்ணி மூன்று தள்ளு, ஒரே அழுத்தம். முதல் சுற்றில் முழு ஆழம் போக ஆசைப்படக் கூடாது. இரண்டாம் சுற்றுக்குப் பின் ஒன்று பெரிசு ஒன்று சிறிசாகப் பல் தெரிந்தது. கை அரத்தை ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் வருவது இது. உச்சியில் தட்டை அரத்தை ஒரு முறை ஓட்டினால் எல்லாப் பல்லிலும் வெள்ளைப் புள்ளி விழும். புள்ளி பெரிசாக உள்ள பல்லின் பக்கம் அழுத்தி, புள்ளி மறைந்ததும் நிறுத்த வேண்டும். மறைந்த பிறகு போடும் ஒரு தள்ளு அந்தப் பல்லைக் குள்ளமாக்கும். அப்புறம் 149 பல்லையும் அதற்காக இறக்க வேண்டியதுதான்.

அரம் ஒன்று முழுதாகத் தீர்ந்தது.

ஜனவரி 24

பிடி. பேரி மரம். தோட்டத்தில் கவாத்து பண்ணிய பருத்த கிளை, இரண்டு வருடம் நிழலில் காய்ந்தது. மேலைநாட்டு ரம்பங்களுக்கு ஆப்பிள், பீச் (beech; பழம் தரும் பீச் அல்ல) மரப் பிடி போட்டார்கள். பேரியும் அதே வகை நெருக்கமான நார், பிசிறு எழாது, கையில் வியர்வை பட்டாலும் வழவழப்பு போகாது. ஈட்டி மரம் அழகுதான், ஆனால் பழைய சாமான் உடைத்த துண்டு கிடைத்தால் மட்டுமே. சில்வர் ஓக் பிடிக்கு ஆகாது, திருகு இறுக்கினால் அமுங்கும்.

பலகைக் கனம் 22 மி.மீ. அட்டையில் வெட்டிய மாதிரியைப் பலகைமேல் சுழற்றிப் பார்த்து, பிடியின் மெலிந்த இடத்தோடு நாரோட்டம் நீளும்படி வைத்தாயிற்று. குறுக்கே ஓடினால் கீழே விழுந்த அன்றே கழுத்து ஒடியும். மூன்று விரல் பிடிக்க, ஆள்காட்டி விரல் முன்னே நீட்ட.

ஜனவரி 27

தகடு போகும் பிளவு. கடையில் வாங்கிய ரம்பத்தால் அறுத்தால் பிளவு அகலமாகி, தகடு பிடிக்குள் ஆடும். செட் வைக்காத இதே தகட்டால் பிளவை அறுப்பதே சரி: தடம் மிகச் சரியாக 0.5. மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து, நாலு தள்ளுக்கு ஒருமுறை இழுத்துத் தூளைத் தட்டி, ஒரு மணி நேரம் ஆனது. பல் போட்டும் செட் வைக்காமல் பிடி வேலைக்கு வந்தது இதற்காகத்தான்.

திருகுத் துளை இரண்டு, 5 மி.மீ. மேலும் கீழும் மரக்கட்டை வைத்து, கோபால்ட் பிட், மெதுவான சுற்று, நல்ல அழுத்தம், எண்ணெய். வேகமாகச் சுற்றினால் பிட் உரசிச் சூடேறும், துளையின் விளிம்பு இன்னும் இறுகும்.

ஜனவரி 30

முதுகேற்றம். பிடிப்பக்கம் முதலில், பிறகு நுனி நோக்கி மரத்துண்டு வைத்துத் தட்டல். ஏறியதும் பல்வரிசையில் மெல்லிய அலை தெரிந்தது. நுனியில் முதுகு அதிகம் இறங்கியதால் அடி ஓரம் தளர்ந்திருந்தது. நுனியில் ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்கியதும் அலை போயிற்று. பல்வரிசை நூல் பிடித்ததுபோல நின்றால்தான் குறைந்த செட்டில் ஓடும். அலை இருந்தால் அந்த அலையின் அகலத்தையும் செட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.

பிப்ரவரி 1

செட். செட்டிங் பிளையரின் (பல்லைச் சாய்க்கும் இடுக்கி) முள் 2 மி.மீ. பல்லுக்கு அதிக அகலம், பக்கத்துப் பல்லையும் தள்ளும். 1.5 மி.மீ.க்கு அரைத்துக் குறைத்தாயிற்று. பிளையரின் சக்கரத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம், வெர்னியரை நம்பலாம். பக்கத்துக்கு 0.08 மி.மீ., மொத்தத் தடம் 0.66. பல்லின் மேல்பாதி மட்டுமே வளைய வேண்டும். அடியோடு வளைத்தால் முறியும்.

அப்புறம் உச்சியில் தட்டை அரம் லேசாக ஒரு ஓட்டம், பல்லுக்கு ஒரு தள்ளு கூர்.

பிப்ரவரி 2

சோதனை. காய்ந்த சைப்ரஸ் சட்டத்தில் 40 மி.மீ. ஆழக் கழுந்து: இடப்பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கும் பக்கத்தில்தான் செட் அதிகம். இடப்பக்கப் பல்லின் மேல் நைஸ் கல்லை நுனிவரை ஒரே ஒரு இழுப்பு. அடுத்த அறுப்பு கோட்டில் நின்றது. இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் வலப்பக்கம் ஒதுங்கும், அப்புறம் அதற்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று செட் முழுவதும் தேய்ந்துபோகும்.

வேண்டுமென்றே பச்சை சில்வர் ஓக்கிலும் வைத்துப் பார்த்தோம். 15 மி.மீ. இறங்கியதும் பிடித்துக்கொண்டது. சரிதான்.

பிப்ரவரி 4

பிடிக்கு ஆளி விதை எண்ணெய், மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நாள் இடைவெளி. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

தகட்டுக்குத் தேங்காய் எண்ணெய் இங்கே வேலைக்காகாது. இந்தக் குளிரில் உறைந்து வெண்ணெயாக நிற்கிறது, பல்லடிக்குள் இறங்குவதில்லை. தையல் மிஷின் எண்ணெய்.

பிப்ரவரி 19

மழையில்லாத காற்றில் பேரிப் பிடி சுருங்கி, இரண்டு திருகும் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கியாயிற்று. ஜூனில் மஞ்சு இறங்கி மரம் உப்பும்போது அதே கால் சுற்றைத் திருப்பி விட வேண்டும்.